கீசரில் ஒட்டியிருந்த சீட்டு

கீசர் சூடேறும்போது எழும் அந்த "உய்ய்" சத்தம் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான் செய்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஷீலா வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஷீலாவின் அம்மா ஆங்கிலப் பள்ளியில் டீச்சர். மகள் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே புழங்க வேண்டும் என்று குழாய்க்கு மேல் "டர்ன் ஆஃப் த டேப்", கீசரில் "டர்ன் ஆஃப் த கீசர்", மின்விசிறி சுவிட்சில் "ஸ்விட்ச் ஆன் த ஃபேன்", மழைக்கோட்டு மாட்டும் ஆணியில் "புட் ஆன் யுவர் ரெயின்கோட்" என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். எதைத் தொட்டாலும் அதன் சீட்டை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

ஷீலா அவற்றை ராகம் போட்டுச் சொல்வது சுவர் தாண்டி வரும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்த எனக்குப் பொறாமை பொங்கும். கேட்டுக் கேட்டே எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் சொல்லிப் பார்க்க எங்கள் வீட்டில் கீசர் ஏது, மழைக்கோட்டு ஏது, குழாய்தான் ஏது? வினைச்சொல்லை ஒட்டுக்கேட்டுத் திருடிவிடலாம். பெயர்ச்சொல்லை அப்பா அல்லவா வாங்கி வர வேண்டும்!

ஒருநாள் ஷீலா வீட்டுக்கு விளையாடப் போன இடத்தில் "டர்ன் ஆஃப் த கீசர்" சீட்டைப் பிய்த்து வந்து, சோற்றுப் பருக்கை தேய்த்து எங்கள் வெந்நீர் அண்டாவில் ஒட்டினேன். "இன்னாடி இது, அண்டாவுல சீட்டு ஒட்டிகினு கீற? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று அம்மா அடுப்பை மூட்ட, சீட்டு கருகி உதிர்ந்தது. அன்று மாலை சுவருக்கு அப்பால் அடி விழுந்தது. "சீட்டு எங்கடி? நீதானே கிழிச்சே?" என்று டீச்சர் கத்த, "நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல" என்று ஷீலா அழுதாள். ஆங்கிலமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, தமிழில்தான் அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

அந்த வீடுகள் இடிந்து இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். வீட்டில் கீசர் இரண்டு. என் மகனுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. போன மாதம் ஷீலா தன் மகளோடு வந்திருந்தாள். கிளம்பும்போது உள்ளறையில் இருந்த அந்தப் பெண்ணிடம், "வெளக்க அணச்சிட்டு, கதவச் சாத்திட்டு வாடி கண்ணு" என்றாள். "சாத்திட்டேம்மா" என்று பதில் வந்தது. "சாத்து" என்றால் என் மகன் முழிப்பான். பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

"இந்தப் பேச்செல்லாம் உனக்கு எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"உங்கம்மா கிட்டேர்ந்துதான். அடுப்ப மூட்டு, உலைய வை, பாயச் சுருட்டுன்னு அவங்க சொல்றத சுவத்துல காத வெச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். எங்க வீட்ல தமிழ் பேசினா அடிதானே? உன்மேல எனக்கு அவ்ளோ பொறாமை, தெரியுமா?"

சீட்டைக் கிழித்தது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. அம்மா போய் நான்கு வருடமாகிறது. அவள் பேச்சு என் மகனிடம் இல்லை, ஷீலாவின் மகளிடம் இருக்கிறது. எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.