இன்னும் வராத படகு

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாகூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் ஒன்றும் தூர தேசம் இல்லை. இருந்தாலும் ஜன்னலோர சீட்டு கிடைத்தால் அதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவேன். கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறங்குவேன். இலக்கியம் படிக்கப் போகிறவளின் லட்சணம் இது.

நாங்கள் மூன்று பேர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருத்திக்குப் பாகூர் கடைத்தெருவில் துணிக்கடை, அவள் அத்தா காலத்துக் கடை. இன்னொருத்திக்குக் கரையாம்புத்தூரில் நெல்லும் கரும்பும். நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். மூவரும் சேர்ந்தால் மாத்திரை, மூட்டு வலி, பிள்ளைகள் என்றே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் துணிக்கடைக்காரிக்குச் சலித்துவிட்டது.

"நோட்ஸ் படிச்சி பாஸ் பண்ண புக்குங்கள இப்பவாவது முழுசா படிக்கலாம்டி. செத்தா அங்கயும் பரீட்ச மாதிரி கேள்வி கேப்பாங்க," என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் வாசிப்பு. பழைய, பெரிய, எல்லோரும் படித்ததாகச் சொல்லிக்கொள்கிற புத்தகங்கள் மட்டும்தான். ஒருத்தி வாய்விட்டுப் படிப்பாள், மற்ற இருவர் கேட்போம். புத்தகம் கடையிலேயே இருக்கும். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய் முன்னால் படித்துவிடக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். அப்போது எனக்கு நேரம் இருந்தது, சட்டம் போடுகிற திமிரும் இருந்தது.

கடைக்கு மாடியில் ஸ்டாக் ரூம். நைட்டி அட்டைப்பெட்டிகள் ஒரு பக்கம், சேலைக் கட்டுகள் ஒரு பக்கம், நடுவில் ஒரு பாய். புதுத்துணியின் கஞ்சி வாசனை. மேலே ஒரு ஃபேன், காற்றைவிடச் சத்தம் அதிகம். அந்தச் சத்தமும் துணிக்கடைக்காரியின் ஒரே சீரான குரலும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட காவியமானாலும் எனக்குத் தாலாட்டுதான்.

முன்பெல்லாம் நான் இப்படித் தூங்குகிறவள் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பாதி போய்விட்டது. ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கூப்பிட்டால் எழுந்து மூத்திரப் பாத்திரம் வைக்க வேண்டும். காலையில் அவரைத் துடைத்து, ஊட்டி, ஆபீசுக்கு ஓட வேண்டும். சில விடியற்காலைகளில் படுக்கை நனைந்து கிடக்கும். "ஒரு குரல் குடுத்தா எழுந்துக்க மாட்டனா?" என்று எரிந்து விழுவேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு இன்னும் கோபம் வரும். சோர்ந்துபோன பொம்பளைக்குக் கோபம் ஒன்றுதான் கேட்காமலே வரும்.

ஞாயிறு மதியம் மட்டும் பண்டசோழநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்து அண்ணன் பக்கத்தில் உட்காருவாள். அந்த இரண்டு மணி நேரம் என்னுடையது. வாரத்தில் வேறு எதுவும் என்னுடையது இல்லை.

நாங்கள் படித்துக்கொண்டிருந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தமிழ் நாவல். அதில் ஒரு பெண் புகுந்த வீட்டை விட்டுக் கிளம்பி, வெள்ளம் ஓடுகிற ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்து நிற்கிறாள். படகு வந்தால் அக்கரைக்குப் போய்ப் பிழைத்தாள், வராவிட்டால் தேடி வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் வாரா வாரம் நான் போகிறேன், வாரா வாரம் அவள் கரையிலேயே நிற்கிறாள். மழைக்காலம் முடிந்து கரும்பு வெட்டு ஆரம்பித்தபோதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். எழுதிய மகராசனுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலியோ என்னவோ என்று திட்டினேன். பழைய எழுத்து, நிதானமாகத்தான் போகும் போலிருக்கிறது என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கதை சொல்வேன். நாளடைவில் அவரே கேட்க ஆரம்பித்தார். நான் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்.

"ப...டகு?"

"இன்னும் வரல."

பாதி வாயால் சிரிப்பார்.

ஒரு ஞாயிறு நான் கிளம்பும்போது நாத்தனார், "படிக்கத்தான் போறியா அண்ணி? மூஞ்செல்லாம் தூங்கி எழுந்த மாதிரி திரும்பி வர்றியே," என்றாள். விளையாட்டாகச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்த் தூங்கிவிட்டு வருகிறேன். இதற்குப் பெயர் வாசிப்பா? இனிமேல் வரவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எப்படிச் சொல்வது என்ற படபடப்பில் அன்று பஸ்ஸிலும் தூக்கம் வரவில்லை, மாடியிலும் வரவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மட்டும் மூடியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன். துணிக்கடைக்காரி ஜாக்கெட் பிட்டுகளை எடுத்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் மடியில் சும்மா திறந்து கிடந்தது. கண் துணியில் இருந்தது, வாய் கதையை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கரையைப் பார்க்கிற இடம்.

"நிறுத்துடி," என்றேன். "புக்கப் பாக்காமயே படிக்கிற."

அவள் கரும்புக்காரியைப் பார்த்தாள். கரும்புக்காரி ஃபேனைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்த எத்தினி தடவ படிச்சீங்க?"

"நீ எத்தினி தடவ தூங்கினியோ, அத்தினி தடவ," என்றாள் கரும்புக்காரி.

நான் தூங்கிப்போனதும் அவர்கள் படிப்பதை நிறுத்திவிடுவார்களாம். அடுத்த வாரம் மறுபடி அந்தப் பெண் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிற இடத்திலிருந்து ஆரம்பிப்பார்களாம். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"என்னையும் நோயாளியாக்கிட்டீங்களா? வூட்ல ஒண்ணு இருக்கறது போதாதா? தட்டி எழுப்பினா இன்னா?"

"நீ வாயத் தொறந்துக்கினு தூங்கறத பாத்தா யாருக்குடி எழுப்ப மனசு வரும்?" என்றாள் துணிக்கடைக்காரி.

"எனக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்றாள் மற்றவள். "அந்த ஆத்தங்கரைல நின்னு நின்னு எனக்குக் காலே கடுக்குது. உன்ன வுட்டுட்டு ஏற முடியல, அவ்ளோதான்."

"அடுத்த வாரத்துலேந்து நான் வரல. தூங்கறதுக்கு எதுக்கு பஸ் ஏறி வரணும்?"

"வூட்ல தூங்க முடியுதா?"

அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் அழுதால் அவர்களும் சேர்ந்து அழுவார்கள், கீழேயிருந்து வந்த டீ ஆறிப்போகும்.

"படி," என்றேன். "இன்னைக்கு நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன். படகு வந்தாவணும்."

பக்கத்தைத் திருப்பினாள். அது அவளுக்கும் புதுப் பக்கம். துணியைத் தள்ளி வைத்து, புத்தகத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தடுக்கித் தடுக்கிப் படித்தாள். பின்னால் ஆட்கள் தேடி வருகிற தீப்பந்த வெளிச்சம். முன்னால் இருட்டில், தண்ணீருக்கு மேல் ஏதோ அசைகிறது. நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பு முழுக்க விழித்திருந்தது.

அப்போது குறட்டை கேட்டது.

கரும்புக்காரி சேலைக் கட்டில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். அவள் கரும்புக் கொல்லையில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. விடியும் முன்பே எழுந்து வெட்டு ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். உள்ளங்கையில் கரும்புச் சோகை கிழித்த கோடுகள் இருந்தன. இத்தனை வாரமும் அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே.

துணிக்கடைக்காரி குரலைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். இன்னும் பத்து வரி இருந்தால் அதிகம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்து வரிக்காக என் உயிரே துடித்தது. நான் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினேன். சேலை விலை அட்டையை அடையாளமாக வைத்தது அவள். பிறகு இருவரும் சத்தமில்லாமல் ஜாக்கெட் பிட்டுகளை மடித்துக்கொண்டிருந்தோம், கரும்புக்காரி தானாக எழுந்திருக்கும் வரைக்கும்.

வீட்டுக்கு வந்தேன். நாத்தனார் கிளம்பிப் போனாள்.

"ப...டகு?"

கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் தூங்கியது, அவர்கள் நிறுத்தி வைத்தது, கடைசியில் படகு வருகிற நேரம் பார்த்து கரும்புக்காரி தூங்கியது. அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சொல்லைத் தேடித் தேடிக் கோத்தார்.

"எழு...ப்பலியே?"

"இல்ல," என்றேன்.

நன்றாகச் செய்தாய் என்பது போலத் தலையை அசைத்தார். நனைந்து கிடந்த அந்த விடியற்காலைகள் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நான் தூங்கியிருப்பேன். கூப்பிட அவருக்கு மனசு வந்திருக்காது.

"இனிமே கூப்புடுங்க," என்றேன்.

காதில் விழாதது மாதிரி அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.