அன்பரசி ஊற்ற மறுத்த பால்

அன்பரசியின் டீக்கடை அரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே, சித்தேரி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். வண்டி எடுக்கும் நேரத்தில் யார் இறங்கிப் போனாலும் எனக்குப் பிடிக்காது. அன்பரசி கடைக்குப் போனால் சுத்தமாகப் பிடிக்காது. அவசரம் என்ற சொல்லையே அந்தம்மா கேள்விப்பட்டதில்லை என்று டிரைவர் பச்சியப்பனிடம் தினமும் புலம்புவேன்.

அவள் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போய்விடுவார். கடை முழுக்க அவள்தான். பாய்லர் பற்றவைப்பதும் அவள், வம்புக்கு வருபவனை வாயாலேயே விரட்டுவதும் அவள். பிளாஸ்டிக் கவரில் டீ கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது மற்ற கடைகள் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி ஒளித்துக் கொடுத்தன. அன்பரசி நிறுத்தினால் நிறுத்தியதுதான். பாத்திரம் கொண்டுவந்தால் பார்சல், இல்லையென்றால் அங்கேயே நின்று குடிக்க வேண்டும்.

பெரிய வம்பு ஃபீடிங் பாட்டிலில் வந்தது. சித்தேரி மலைக்குப் போகும் தாய்மார்கள் பஸ் ஏறுமுன் பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டுவார்கள். டீக்கடைக்காரர்கள் கொதிக்கிற பாலை அப்படியே ஊற்றுவார்கள். போகப் போக ஆறிவிடும், குழந்தை அழும்போது கொடுத்துக்கொள்ளலாம். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. ஒருநாள் சந்தையில் வாங்கிய, கீறல் விழுந்து மங்கிப்போன பாட்டிலில் ஊற்றும்போது அன்பரசிக்கு மருந்து நெடி மாதிரி ஏதோ அடித்தது. டீ குடிக்க வந்த நர்ஸம்மாவிடம் கேட்டாள். சூடு பட்டால் பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனம் பாலில் இறங்கும், கண்ணாடியோ ஸ்டீலோ நல்லது, அது இல்லையென்றால் பாலை நன்றாக ஆற்றிவிட்டு ஊற்று என்றார் அவர்.

"பெரியவங்க குடிக்கிற டீயவே கவர்ல ஊத்தக் கூடாதுங்கறாங்க. பச்சக் கொழந்த என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று என்னிடம் கேட்டாள். நானா சட்டம் போட்டேன்?

அன்றிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலைக் கண்டால் பாலை ஸ்டீல் டம்ளரில் ஊற்றி ஆற்ற ஆரம்பித்துவிடுவாள். 'பி.பி.ஏ. ஃப்ரீ', அந்த ரசாயனம் கலக்காதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதே என்று ஒருவர் வாதாடினார். "அது ஒன்னு இல்லைன்னு போட்டிருக்கான். மத்தது என்னென்ன இருக்குதுன்னு போட்டிருக்கானா?" என்றாள். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போன மாதம் சித்தேரிப் பெண் அமுதவல்லி ஒன்றரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, சூடா ஊத்துங்கக்கா, சீக்கிரம்."

"சூடா ஊத்த மாட்டேன். ஆத்தித்தான் ஊத்துவேன்."

"பஸ் போயிரும்க்கா! இத வுட்டா சாயங்காலந்தான்."

குழந்தை வீறிட்டது. பச்சியப்பன் ஹாரனை அழுத்தினார். சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவன் முதலிலிருந்தே செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அன்பரசி இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து, பஸ்ஸுக்கு முன்னால் நின்று பாலை ஆற்றினாள்.

"அடிங்க, நல்லா அடிங்க ஹாரன. பால் ஆறுற வரைக்கும் அடிங்க."

ஆறிய பாலைப் பாட்டிலில் ஊற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தாள். அமுதவல்லி ஏறினாள், குழந்தை குடித்தது, நாங்கள் கிளம்பினோம். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த வீடியோவில் "ஊத்த மாட்டேன்" என்பது மட்டும்தான் இருந்தது. முன்னால் இருந்த "சூடா"வையும் பின்னால் வந்ததையும் வெட்டிவிட்டு, பச்சைக் குழந்தைக்குப் பால் தர மறுத்த டீக்கடைக்காரி என்று எழுதிப் பரப்பிவிட்டான். கம்பைநல்லூரில் இருக்கும் என் மச்சான் எனக்கே அதை அனுப்பிவைத்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தம்மா மீது எனக்கு ஆயிரம் எரிச்சல் இருக்கலாம். ஆனால் நான் அங்கேதான் நின்றேன், அவள் பாலை மறுக்கவில்லை.

கடையில் கூட்டம் குறைந்தது. சிலர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். கடைசியில் கடை இருக்கும் கட்டிடத்தின் சொந்தக்காரர் மாதவராஜ் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அப்போது டிக்கெட் பையோடு கடை வாசலில் நின்றிருந்தேன்.

"இதப் பாரும்மா, உன்னால பஸ் நிக்குது, சனம் கத்துது. நாளைக்கு எவனாச்சும் கல்லெடுத்து வுட்டா என் கட்டடந்தான் போவும். இப்ப வர்ற மொதக் கொழந்தைக்கு ஆத்தாம, மறுபேச்சு இல்லாம ஊத்திக் குடுத்திரு. நான் பாத்துட்டுப் போறேன். முடியாதுன்னா சாவியக் குடு."

அவர் வாய் மூடவில்லை, பஸ்ஸிலிருந்து ஒரு பெண் பாட்டிலோடு வந்து நின்றாள். தயங்கித் தயங்கி, "நீங்கதான அந்த வீடியோல வந்த அக்கா?" என்றாள்.

"ஆமா, நாந்தான். பாட்டிலக் குடு."

அன்பரசி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மாதவராஜுக்குப் பக்கத்தில் பெஞ்சில் வைத்தாள். பிறகு கொதிக்கிற பாலை டம்ளரில் ஊற்றி, கையை உயர்த்தி ஆற்றத் தொடங்கினாள். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பச்சியப்பன் ஹாரன் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நேரமாகியிருந்தது. நான் விசில் ஊதாமல் வண்டி நகராது, விசில் என் கையில்தான் இருந்தது. நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னய்யா, வண்டி எடுக்கலயா?" என்றார் மாதவராஜ்.

"பால் ஆறலைங்க," என்றேன்.

பச்சியப்பன் என்ஜினை அணைத்தார். பஸ்ஸுக்குள் யாரும் கத்தவில்லை. மாதவராஜ் பஸ்ஸைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், கை நீட்டவில்லை. அன்பரசி நிதானமாக ஆற்றி, பாட்டிலில் ஊற்றி, புறங்கையில் விட்டுப் பார்த்து, அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சாவிய எடுத்துக்கறீங்களா, இல்ல டீ போடட்டுங்களா?"

மாதவராஜ் சாவியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"சக்கர கம்மியாப் போடும்மா," என்றார்.