திங்கட்கிழமை சேர்த்த வரி

சிட்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் வேலை செய்தேன். என்ன வேலை என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன். உண்மையில் அது விளங்காத விஷயமில்லை. இன்றைய இன்டர்நெட்டில் ஒரு படம் வேண்டுமென்றால், அது இருக்கிற கம்ப்யூட்டரின் முகவரிக்கே போய்க் கேட்க வேண்டும், அது உலகத்தின் மறு கோடியில் இருந்தாலும். நாங்கள் சோதித்த முறையில் முகவரி தேவையில்லை. படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். வழியில் எந்தக் கம்ப்யூட்டரிடம் பிரதி இருக்கிறதோ அது எடுத்துக் கொடுத்துவிடும். பிளாக்டவுனில் எங்கள் வீட்டில் கறிவேப்பிலை முடிந்தால் நாங்கள் கடைக்கு ஓடுவதில்லை, பக்கத்து வீட்டு மரத்தில் ஒடித்துக்கொள்வோம். அதுபோலத்தான்.

இதைச் சோதிக்க இருபத்துநான்கு சின்னக் கம்ப்யூட்டர்களை ஒரு அலமாரியில் அடுக்கி, வயரால் இணைத்து வைத்திருந்தோம். டெஸ்ட்பெட் என்போம். ஒரு முனையிலிருந்து கோப்புகளைக் கேட்டு, வந்துசேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளப்போம். நடுவில் இருப்பவை ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும். இடம் நிறைந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதற்கு நான் ஒரு புது முறை யோசித்தேன். சோதனையைத் தானாகவே நடத்த ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதினேன். பழைய முறைகளை முதலில் ஓட்டிவிட்டு என்னுடையதைக் கடைசியில் ஓட்டினேன். மற்ற எல்லாவற்றையும் அது ஓட ஓட விரட்டியது. கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் எல்லோருக்கும் முன்னால் தோளில் தட்டினார். நானும் பெரிய கொம்பன் என்ற நினைப்பில் திரிந்தேன்.

அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுத்தான் அவள் வந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். என் முறையை இன்னும் பெரிதாக்கி முனைவர் பட்டம் செய்வது அவள் திட்டம். மெரிலேண்ட்ஸில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை அண்ணா என்றாள், என் மனைவியை அக்கா என்றாள். என் மனைவிக்கு அவள் என்றால் உயிர்.

முதலில் என் முடிவை அவள் தன் கையால் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும், அதன்பிறகுதான் மேலே போகலாம். எட்டு மாதமாகியும் அவளுக்கு அது வரவில்லை. என் ஸ்கிரிப்டை விட்டு ஒவ்வொரு முறையையும் தன் கையால் அவள் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் என் முறையும் பழைய முறைகளும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். அவள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

"எங்கையோ பிழை விடுறீர் பிள்ளை. திருப்பிச் செய்து பாரும்."

அவளும் முகம் சுளிக்காமல் திருப்பிச் செய்தாள். பரிசீலனைக் குழுவின் முன் நிற்க வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் முனைவர் பட்டம் இல்லை. முதுகலைப் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள். உதவித்தொகையும் விசாவும் அதோடு முடியும்.

பரிசீலனை ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் தேநீர்க் கோப்பையோடு அவள் கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு முறையை ஓட்டி முடித்ததும் அவள் இருபத்துநான்கு கம்ப்யூட்டரையும் நிறுத்தி, திரும்பப் போட்டாள். பிறகுதான் அடுத்த முறையைத் தொடங்கினாள்.

"ஏன் ஒவ்வொருக்காவும் நிப்பாட்டுறீர்?" என்று கேட்டேன்.

"முந்தி ஓட்டினதோட காப்பி உள்ளயே இருந்தா கணக்கு தப்பா வருமேண்ணா. சுத்தமா ஆரம்பிக்கணும்ல?"

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு என் ஸ்கிரிப்டைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை மூன்று தரம் வாசித்தேன். ஒரு முறை முடிந்து அடுத்தது தொடங்குமுன் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லும் வரி அதில் இல்லை. முதலில் ஓடிய பழைய முறைகள் ஏறக்குறைய வெறுங்கையோடு தொடங்கியிருக்கின்றன; கடைசியில் ஓடிய என் முறைக்கு, கேட்ட கோப்பெல்லாம் முன்னவர்கள் விட்டுப்போன பிரதிகளாகப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. எட்டு மாதமாக அவள் செய்ததுதான் சரி. பிழை என்னுடையது, அதுவும் அச்சில் ஏறிய பிழை.

அவளுடைய மேசை பத்து அடி தூரத்தில் இருந்தது. எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. அந்த வரியை ஸ்கிரிப்டில் சேர்த்தேன். "சிறு திருத்தம்" என்று குறிப்பு எழுதி, எல்லோரும் எடுக்கும் பொதுச் சேமிப்பில் சத்தமில்லாமல் போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அடுத்த மூன்று வருடத்துக்கான கொன்ட்ராக்ட் ஏற்கெனவே என் கையில் இருந்தது. மானம்தான் காரணம். தோளில் தட்டிய அந்தக் கை ஒருநாள் என்னைச் சுட்டிக்காட்டும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புதன்கிழமை குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நான் பக்கத்தில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். "வெளியான முடிவோடு உன்னுடையது ஏன் பொருந்தவில்லை?" என்று பேராசிரியர் கேட்டார். பலமுறை சரிபார்த்துவிட்டதாகவும், தன் அளவீட்டில் நம்பிக்கை இருப்பதாகவும் அவள் நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பேராசிரியரும் என் பக்கம் திரும்பினார். "இதைக் கட்டியது நீதானே, உனக்கு என்ன தோன்றுகிறது?"

"டெஸ்ட்பெட்டுக்கு அவர் இன்னும் புதிது. எங்காவது அமைப்பில் தவறு இருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் குனிந்து தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். முதுகலையோடு முடிக்கும்படி அன்று மாலையே கடிதம் வந்தது.

மெல்பனில் பொயிண்ட் குக்கில் அவளுடைய சித்தப்பா வீடு இருந்தது. அங்கே போய் வேலை தேடப் போவதாகச் சொல்லி, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எங்களிடம் விடைபெற வந்தாள். என் மனைவி ஐஸ்கிறீம் பெட்டி இரண்டில் இடியப்பமும் கறியும் கட்டிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நான் அவளைக் காரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். காரை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை.

"அண்ணா, நீங்க திங்கக்கிழமை சேத்தீங்களே ஒரு வரி, அதை நான் அன்னிக்கே பாத்துட்டேன்."

யார், எந்த நாள், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதெல்லாம் பொதுச் சேமிப்பில் பதிவாகும். அவள் தினமும் காலையில் அதைப் பார்க்கிற ஆள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கமாட்டாள் என்று நம்பியிருந்தேன்.

"பிறகேன் அங்க சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லலைன்னதும்... அத்தனை வெள்ளக்காரங்க முன்னாடி உங்களை விட்டுக்குடுக்க மனசு வரலண்ணா." கதவைத் திறந்தவள் திரும்பினாள். "அக்காகிட்ட இதைச் சொல்லிராதீங்க. அவங்க உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்காங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்பினோம். இப்படி நடப்பதுதான் என்றார் அவர். அவளைத் திரும்பக் கூப்பிட முடியாதா என்று கேட்டேன். விலகல் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாயிற்று, உதவித்தொகையும் வேறொருவருக்குப் போயாயிற்று என்றார். அவளுக்கு எழுதினேன். "பரவால்லண்ணா" என்று மட்டும் பதில் வந்தது.

ஆனால் அதெல்லாம் அடுத்த வாரம். அந்தச் சனிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மேசையில் எனக்குச் சாப்பாடு வைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, எட்டு மாதமாக நான் அந்த மேசையில் சொல்லிவந்ததைத்தான் அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"பாவம், நல்ல பிள்ளை. கொஞ்சம் கவனமாச் செய்திருந்தா இப்பிடி வந்திராது, என்னப்பா?"

"ஓம்" என்றேன்.