சாகும்வரை உண்ணாவிரதமும் வெள்ளிக்கெழம முகூர்த்தமும்

சாமியானா வாடகைக்கு வுட்றவங்களுக்கு சாவும் ஒண்ணுதான், சடங்கும் ஒண்ணுதான். கட்டுன பந்தலு சொன்ன நேரத்துக்கு அவுந்து வூடு வந்து சேந்தா போதும். பாத்திரமோ, மைக் செட்டோ, சேரோ, பொருள வெளிய அனுப்பிட்டு வழியப் பாத்துக்கினு ஒக்காந்து கீற அத்தினி பேருக்கும் என் பேஜாரு புரியும். உத்திரமேரூர்ல ரொம்ப வருசமா இந்தத் தொயில்தான். எங்கூட்டுக்காரரு போனப்பறம் நானும் எம்புள்ள தசரதனும் பாத்துக்கினு கீறோம்.

ஒரே பந்தலு, ரெண்டு போனு

செவ்வாக்கெழம காலைல நாஷ்டாவுக்கு ஒக்காந்தேன். டிவில செவப்பு எழுத்து ஓடுது. டில்லில ஒரு பெரிய கட்சியோட தலைவரு ராஜினாமா பண்ணிட்டாராம். ஒரு சேனல்ல ஒடம்பு சரியில்லன்றான். இன்னொண்ணுல கோச்சிக்கினு போய்ட்டாருன்றான். மூணாவதுல அவரு வூட்டு கேட்ட மட்டும் காட்டிக்கினே கீறான். கேட்டுக்கு இன்னா தெரியும்? எங்க அக்கா கல்யாணத்துலயும் இப்பிடித்தான், மாப்ள கோச்சிக்கினு போய்ட்டாருன்னு ஊரே பேசுது, போய்ப் பாத்தா மனுசன் கெணத்தாண்ட பல்லு வெளக்கிக்கினு கீறாரு. சரி, அது வேற கத.

அப்ப போனு வந்துது. அந்தக் கட்சியோட நகரச் செயலாளரு ஏகாம்பரம். தலைவரு முடிவ மாத்திக்கணும்னு இன்னிக்கே பஸ் ஸ்டாண்டாண்ட உண்ணாவிரதம் இருக்கப் போறாங்களாம், பெரிய பந்தலு வோணுமாம். ஒரு நாளுதானய்யான்னு மூணு தபா கேட்டேன். ஏன்னா வெள்ளிக்கெழம பக்கத்தூரு பெருநகர்ல தேவகி பொண்ணு கவிதாவுக்குக் கல்யாணம். தேவகி புருசன் இல்லாதவ, மண்டபம் புடிக்க வசதி கெடையாது, வூட்டு வாசல்லதான் எல்லாம். எங்கிட்ட பெரிய பந்தலு அது ஒண்ணுதான் கீது. முகூர்த்த நாளு, வெளியவும் கெடைக்காது. ஏகாம்பரம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவுத்துக்கோ ஆயான்னு சத்தியமே பண்ணாரு.

வெச்ச ஒடனே அடுத்த போனு. எதிர்க்கட்சி நடராஜன். அவுங்களுக்குக் கொண்டாட்டமாம், லட்டு குடுக்கப் போறாங்களாம், அதே பந்தலு வோணுமாம். அது அயுவறவங்களுக்குப் போய்ட்ச்சிய்யான்னேன்.

"பரவால்ல ஆயா, நாங்க பக்கத்துலயே நின்னு சிரிச்சிக்கிறோம், நெயலு எங்க மேலயும் வுயும்ல."

தொங்கல் துணி

தசரதன் ஏணி போட்டு கட்டிக்கினு கீறான். பந்தலு ஓரத்துல சுத்தி வுட்ற தொங்கல் துணியப் பாத்துட்டு ஏகாம்பரத்தோட தொண்டரு ஒருத்தரு குதிகுதின்னு குதிக்கறாரு, அது எதிர்க்கட்சிக் கொடி கலராம். அந்தத் துணி ஒரு மஞ்சத்தண்ணி விசேசத்துக்கு வாங்கனது, அந்தப் பொண்ணுக்கே இப்ப ரெண்டு கொயந்த. சரி, திருப்பிக் கட்டுடான்னேன். வெளிய வெள்ளையாய்ட்ச்சி. ஆனா அந்தக் கலரு உள்ள ஒக்காந்து கீறவங்க மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிது.

தசரதன் ஏணி மேலருந்தே கேட்டான்: "யம்மா, பட்டினி கெடக்கறதோட கண்ணயும் மூடிக்கச் சொல்லட்டா?"

மைக்க நீட்டனப்ப

நாலு மணிக்கு டிவிலருந்து ஒரு பொண்ணு வந்துது, கூட ஒரு கேமராக்காரரு. இன்னும் ஒரு மணி நேரந்தான்னு நானு கயிறு அவுக்க ஆளோட நிக்கிறேன். அந்தப் பொண்ணு ஏகாம்பரத்துகிட்ட மைக்க நீட்டி, "ஒரு நாள் மட்டும்தானா சார்?"ன்னு கேட்டுச்சி. அவரு பக்கத்துல சிரிச்சிக்கினு கீற நடராஜனப் பாத்தாரு, கேமராவப் பாத்தாரு, நெஞ்ச நிமித்திக்கினு "தலைவர் திரும்பி வர்ற வரைக்கும்! சாகும்வரை!"ன்னுட்டாரு. பின்னாடி ஒக்காந்து கீறவங்க மூஞ்சியப் பாக்கணுமே. வூட்ல ராத்திரிக்கு மீன் கொயம்பு வெக்கச் சொல்லிட்டு வந்தவங்க அவுங்க.

யோவ், அஞ்சு மணின்னு சொன்னியேன்னு கத்திட்டேன். அந்தப் பொண்ணு மெதுவா என் கையப் புடிச்சி சொல்லிச்சி: "பாட்டி, லைவ் போயிட்டிருக்கு. அவர் சாகுறதப் பத்திப் பேசும்போது மணி கேக்காதீங்க."

ஏழுமலை கைக்கு வந்த லட்டு

பொதன்கெழமயும் நடராஜன் பஸ்ல போறவங்களுக்கெல்லாம் லட்டு குடுத்துக்கினே வராரு. குடுக்கற வேகத்துல பந்தலுக்குள்ள ஓரமா உண்ணாவிரதம் ஒக்காந்து கீற ஏழுமலை கைலயும் ஒண்ணு வெச்சிட்டாரு. ஏழுமலையும், விசேச வூட்ல குடுத்தா வாங்கி வாயில போட்டுக்குவோமே, அப்பிடியே போட்டுக்கினாரு. சரியா அப்பதான் கேமரா இந்தப் பக்கம் திரும்புது. நடராஜன் சட்டுனு வேட்டிய விரிச்சி முன்னாடி நின்னுக்கினாரு.

"மெல்லாத, முயுங்கு! நீ துன்னது தெரிஞ்சா எங்க லட்டுக்குத்தான்யா கெட்ட பேரு."

தேவகி வந்தா

வியாயக்கெழம காலைல தேவகி ஓடியாந்தா. விடிஞ்சா கல்யாணம், வாசல்ல குழி தோண்டி வெச்சி கீது, ஊன மூங்கிலு இல்ல. ரெண்டு பேரும் ஏகாம்பரத்தாண்ட போனோம், தேவகிக்கு அவரு அண்ணன் மொற. ஒதடு காஞ்சி படுத்துக்கினு கீறாரு. டிவிலயோ தலைவரு முடிவுல மாத்தமே இல்லன்னு காலைலருந்து சொல்றாங்க.

"எனக்கும் எந்திரிச்சிப் போவணும்னுதான் ஆயா கீது"ன்னு காதாண்ட சொன்னாரு. "பெரிய ஆளு யாருனா வந்து ஜூஸ் குடுத்து முடிச்சி வெக்கணும், அதான மொற. மேலருந்து ஒருத்தரும் வரல. நானே எந்திரிச்சா ஊர்ல எவன் மதிப்பான்?"

தேவகி கண்ணத் தொடச்சிக்கினா. "சரிண்ணா, எம்பொண்ணு கல்யாணம் வெயில்ல நடக்கட்டும், நீங்க நெயல்ல கெடங்க."

மஞ்ச பூசுன மொகம்

நலங்கு வெச்ச பொண்ண நாங்க வாசப்படி தாண்ட வுட மாட்டோம். எங்க சின்ன நாத்தனாரு அப்பிடித் தாண்டி... வேணாம், அத இன்னொரு நாளைக்குச் சொல்றேன். மத்தியானம் மூணு மணிக்கு ஷேர் ஆட்டோலருந்து கவிதா எறங்குறா, மொகம் பூரா மஞ்ச. நேரா எதுத்தாப்ல கீற பஷீர் பாய் கடைக்குப் போயி ஒரு கிளாஸ் எலுமிச்ச ஜூஸ் வாங்கினு பந்தலுக்குள்ள வந்துட்டா. டிவிப் பொண்ணு பின்னாடியே ஓடியாருது.

"மாமா, எங்க நைனா போனப்ப தோளு குடுத்துத் தூக்கனது நீங்க. நாளைக்கு தாலி எடுத்துக் குடுக்கவும் நீங்கதான் வரணும். பட்டினி கெடக்கறவரு எடுத்துக் குடுக்கற தாலிய நான் எப்பிடி கட்டிக்குவேன்? உங்க தலைவரு பதவிய வுட்டாரு, நீங்க என்ன வுட்றாதீங்க."

ஏகாம்பரம் எந்திரிச்சி ஒக்காந்தாரு. ரெண்டு கையாலயும் கிளாஸ வாங்கி ஒரே மூச்சுல குடிச்சாரு. பஷீர் பாய் மிச்சம் கீறவங்களுக்கும் ஜூஸ் போட்டுக்கினே தட்டோட வராரு. டிவிப் பொண்ணு வுடல. தலைவர் திரும்பி வரலியே, அப்ப போராட்டம் தோல்வியா சார்னு கேக்குது.

ஏகாம்பரம் மீசையத் தொடச்சிக்கினாரு. "டில்லில அவருக்கு ஆயிரம் பேரு கீறாங்கம்மா. இந்தப் பொண்ணுக்கு நான் ஒருத்தன்தான் மாமன்."

பொய்து சாயறதுக்குள்ள உண்ணாவிரதக்காரங்களே கயிறு அவுத்தாங்க, மூங்கிலோட இன்னொரு முனைய நடராஜன் ஆளுங்க புடிச்சாங்க, எல்லாம் ஒரே டிராக்டர்ல பெருநகருக்குப் போச்சு.

டில்லில ஒரு சேரு காலின்னு டிவிக்காரங்க அந்த வாரம் பூரா கத்துனாங்க, ஆனா வெள்ளிக்கெழம பந்தில ரெண்டு கட்சிக்காரங்களும் நெறஞ்சி ஒக்காந்துட்டதுல சேரு வாடகைக்கு வுட்ற நானு நின்னுக்கினேதான் சாப்ட்டேன்.