உடும்பு அத்தானின் நாற்காலி

எத்தனையோ ஊர்களில் முடி வெட்டிக்கொண்டதுண்டு. ஆனால் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தது, ஊர்சுற்றல் முடிந்து வீடு திரும்பிய வாரத்தில் அத்தானின் சலூனில்தான். நாற்காலி அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது.

"கொஞ்சம் ஏத்துங்க அத்தான். தரையில உக்காந்த மாதிரி இருக்கு."

"பம்பு ரிப்பேர். பஸ் ஸ்டாண்டுல எல்லாம் படுத்துத் தூங்கினவளுக்கு இது போதும், உக்காரு."

அத்தான் என் அக்காவின் கணவர். வாரம் முழுக்க முடிதிருத்துவார். ஞாயிறானால் ரக்பி ஆடப் போய்விடுவார். மைதானத்தில் அவர் பெயர் உடும்பு. எதிராளியின் இடுப்பைப் பிடித்துவிட்டால் விசில் ஊதினாலும் விட மனசு வராது. அவர்களுடைய கல்யாணப் படத்திலேயே மாப்பிள்ளைக்கு ஒரு கண் வீங்கியிருக்கும். அந்தப் படத்தை அக்கா வேண்டுமென்றே சலூன் கண்ணாடிக்கு மேல் மாட்டியிருக்கிறாள். "வர்றவங்க பாத்துத் திருந்தட்டும்."

அத்தான் வெட்டுவதைக் கண்ணாடியில் கவனித்தேன். வலது முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. கையைத் தூக்குவதற்குப் பதில் உடம்பையே வளைத்துக்கொண்டிருந்தார். உச்சிக்கு வந்ததும் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கினார்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"சத்தம் போடாதடி. உங்கக்காவுக்குத் தெரியாது."

பின்கட்டு வாசலில் துண்டு மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார். பாய்ந்து மடக்கும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டால், கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை நெருப்பு ஓடுமாம். அணியில் அதற்குப் பெயர் 'கரண்ட்'. பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். யாராவது கையை உதறிக்கொண்டு நின்றால், "என்னடா, கரண்ட் பில்லு கட்டிட்டியா?" என்று சுற்றி நின்று சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்ப ஓடுவான். இந்த ஆட்டக் காலத்தில் அத்தானுக்கு அது பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் உதறிவிட்டு ஓடினார். கடைசி முறை எரிச்சல் அடங்கியது, கை எழவில்லை.

"கத்தரி பழையபடி ஓடுது. ஆனா தோள்தான் கையைத் தூக்க மாட்டேங்குது. இப்படியே நின்னுட்டா, எனக்கு வேற என்ன வேலை தெரியும் சொல்லு?"

பம்பு ரிப்பேரின் ரகசியம் அதுதான். தலை எவ்வளவு கீழே இருக்கிறதோ, கை அவ்வளவு குறைவாக எழுந்தால் போதும். அவருடைய வாடிக்கையாளர்களிலேயே நெட்டையானவர் தபால்காரர். அவர் எனக்கு அடுத்து வந்து உட்கார்ந்து, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார்.

"தம்பி, அடுத்த தடவ பாய விரிச்சிடு. படுத்துக்கிட்டே வெட்டிக்கிறேன்."

அவர் போனதும், துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து நாற்காலியின் மிதியை அழுத்தினாள். அது ஜம்மென்று ஏறியது.

"தினம் கூட்டிப் பெருக்குறவ நான். பம்பு நல்லாத்தான் இருக்கு. சட்டை போடும்போது எந்தக் கைய முதல்ல விடறீங்கன்னும் பாத்துட்டுதான் இருக்கேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பொறுத்தேன். கிளம்புங்க, டாக்டர்கிட்ட."

விசில் ஊதியும் விடாத உடும்பு, கத்தரியை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டியது.

டாக்டரம்மா முதலில் கேட்டது: "எரிச்சல் ஒரு கையிலயா, ரெண்டு கையிலயுமா?"

"வலது கையில மட்டும்தான்."

"நல்லது. ரெண்டுலயும்னா தண்டுவடமோன்னு நான் பயந்திருப்பேன்."

கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி வைத்து நரம்பைச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அக்கா அத்தானின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ கொண்டுபோய்விடுவார்கள் என்பதுபோல.

"நரம்பு அறுபடல, இழுபட்டிருக்கு. திரும்பி வரும். ஆனா நாம அவசரப்பட்டா அது வராது. முதல் தடவை கரண்ட் அடிச்சப்பவே வெளிய வந்து காட்டியிருக்கணும்."

"இனி ஆடலாமா டாக்டர்?" என்றார் அத்தான்.

"கழுத்து முழுசாத் திரும்பணும். ரெண்டு கைக்கும் ஒரே பலம் இருக்கணும். அதுக்கப்புறம் என்கிட்ட கேளுங்க."

"அதுக்கும் அப்புறம் என்கிட்ட கேளுங்க," என்றாள் அக்கா.

அத்தான் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை ஏற்றிப் பழகினார். ஞாயிறுகளில் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தார். ஒருநாள் அணியில் ஆடும் பிளம்பர் கையை உதறிக்கொண்டு நிற்க, மற்றவர்கள் "பில்லு கட்டியாச்சா?" என்று ஆரம்பித்தார்கள். அத்தான் உள்ளே ஓடி, ஒற்றைக் கையால் பிளம்பரின் இடுப்பைக் கட்டி வெளியே இழுத்து வந்துவிட்டார். "விடுடா உடும்பு!" என்று அவர் கத்தியது கடைசி வரை அத்தானின் காதில் விழவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலை தபால்காரர் வந்து, பழக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தான் மிதியை அழுத்தினார். நாற்காலி ஏறியது. இன்னும் அழுத்தினார். தபால்காரரின் பாதங்கள் தரையை விட்டு எழுந்தன. வலது முழங்கை விலாவை விட்டுப் பிரிந்தது. லேசாக நடுங்கியது, ஆனால் எழுந்தது. யாருடைய துணையும் இல்லாமல் உச்சி வரை போய் நின்றது. அக்கா மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"இத்தனை நாளா உங்க வழுக்கையத்தான்ணே பாத்தேன். இப்பதான் காது தெரியுது."

"சந்தோஷம் தம்பி. கொஞ்சம் இறக்கு, தலை ஃபேன்ல இடிச்சிடும்போல."

"இறக்க மாட்டேன்ணே."

அக்கா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.