சீவலப்பேரி மடையன்

ஜெர்மன் சண்டை முடிந்து மாமா திரும்பியபோது எனக்கு ஏழு வயதிருக்கும். பஸ்ரா பக்கம் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளைப் பராமரித்தவர், சொந்த ஊரான சீவலப்பேரிக்குப் போகாமல் நேரே முக்கூடலுக்கு வந்து எங்களோடு தங்கிக்கொண்டார். வாய் நிறைய இந்துஸ்தானி. தண்ணீர் வேண்டுமென்றால் பானி, வண்டிமாட்டுக்குக்கூட சலோ. மாடு அசையவில்லை. பிள்ளைகள் நாங்கள் அவரைத் துரைக்கு அடுத்தபடியாக வைத்திருந்தோம்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. போகும் முன் வாய்க்கு வாய் ‘யக்கா’ என்று சுற்றிவந்த தம்பி, இப்போது அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. தமிழ் பேசினாலும் மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல ‘ஆகட்டும்’, ‘தேவையில்லை’ என்பார். “எவனையோ மாத்தி அனுப்பிட்டானுவ” என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

சாயங்காலங்களில் மாமா எங்களுக்குக் கதை சொல்வார். கதாநாயகன், பட்டாளத்துக்குப் போன ஒரு சீவலப்பேரி மடையன். கப்பல் முழுக்க வாந்தியெடுப்பான், ரொட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்குவான், கழுதையிடம் ஊர் நியாயம் பேசுவான். மாமா கதை சொல்வதெல்லாம் அந்த விறைத்த பட்டாளத் தமிழில்தான். மடையன் வாயைத் திறந்தால் மட்டும் அசல் சீவலப்பேரிப் பேச்சு வரும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பாள். அவளுக்கும் மடையனைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒருநாள் மடையன் ஆறு கடந்தான். நல்ல வெள்ளம். கழுதையின் கயிறு அவன் கையில். வாலைப் பிடித்தபடி அவன் தெருக்காரக் கூட்டாளி. “பயப்படாதலே, நம்ம ஆத்துல பாக்காத தண்ணியா? பைய வா” என்று கூட்டாளிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இறங்கினான். நடு ஆற்றில் வெள்ளம் இழுத்தது. மடையன் கயிற்றை விட்டுவிட்டான். கழுதையும் போயிற்று, கூட்டாளியும் போனான். கரையேறியவன் “ஏலே, வாலே” என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம்.

சிரிப்பதா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மடையன் எப்போது ஊருக்கு வந்தான் என்று கேட்டேன்.

“வரவில்லை. அந்தக் கரையிலேயே நிற்கிறான்” என்றார் மாமா.

அம்மா அடுக்களை வாசலிலிருந்து இறங்கி வந்து அவர் தலையில் கை வைத்தாள்.

“அவன் வந்துட்டாம்லே, தம்பி. எந்திரி. சோறு ஆறுது.”

மாமா தரையில் கையூன்றி எழுந்தார். பிறகு, “வாரேன், யக்கா” என்றார்.

அத்தோடு மடையன் கதை நின்றுபோயிற்று. நல்ல கட்டத்தில் புகுந்து கெடுத்துவிட்டாளே என்று எனக்கு அம்மாமேல் கோபமான கோபம். அவளோ என்னைக் கண்டுகொள்ளாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு மேலும் மேலும் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தொலைவில் மடையன் தனியாக நிற்கிறானே, யாராவது போய்க் கூட்டிவரக் கூடாதா என்று நான்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.