பூங்காவின் பின்வாசல்

என் வீட்டுக்காரர் வெல்டர். பட்டறையில் இரும்பை வளைத்துப் போடுகிற மனிதர், வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். ஆனால் தெருமுனையில் பூங்காவின் பின்வாசலுக்கு அவர் வைத்த குறுக்குக் கம்பிகளை எல்லோரும் மெச்சினார்கள். உள்ளே சீறிப் பாய்ந்த பைக்குகள் அன்றோடு நின்றன. மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அதன்பிறகுதான் என் கால்கள் விழுந்துபோய்ச் சக்கர நாற்காலி வந்தது. ஜன்னலைத் திறந்தால் பூங்காக் குளம் தெரியும், போகத்தான் வழியில்லை. முன்வாசலுக்கு லாரிகள் பறக்கிற சாலையைக் கடக்க வேண்டும். பின்வாசலிலோ இவருடைய கம்பி.

"நல்லா வச்சீங்க போங்க, கட்டின பொண்டாட்டிக்கே!" என்று எரிந்து விழுவேன். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவார்.

பூங்கா மேலாளரிடம் போய்க் கேட்டார். "மாத்தி வைங்க, வேணாங்கல. ஆனா ஒரு பைக் உள்ள வந்தாலும் வாசலையே சுவர் வச்சு அடைச்சிடுவோம்" என்றார் அவர்.

அன்றிலிருந்து இவருக்குப் பித்துப் பிடித்தது. என் நாற்காலியை அளந்தார், பைக்கை அளந்தார், பால்காரர் சைக்கிளைக்கூட விடவில்லை. நாற்காலி நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழைந்து தொலைத்தது. எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. கோபத்தை ஓரங்கட்டிவிட்டு, "இன்னிக்கு எது நுழைஞ்சுது?" என்று தினமும் கேட்டேன்.

ஒருநாள் சமையலறையில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே நின்ற இடத்திலேயே நாற்காலியைத் திருப்பி உப்பை எடுத்தேன்.

"இன்னொரு தடவ சுத்து!" என்று கத்தினார்.

"நான் என்ன பம்பரமா?"

"பைக்கால இப்படித் திரும்ப முடியாதுடி! அது நீளம்!"

பழைய கம்பிகளை அறுத்தெறிந்துவிட்டு, கூண்டு மாதிரி ஒன்று வைத்தார். நுழைந்து, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பி, அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். சைக்கிள் என்றால் முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பிக்கொள்ளலாம். பைக்கை யார் தூக்குவது?

மேலாளர் நேரில் பார்க்க வந்தார். முதலில் ஒரு மெக்கானிக் பைக்கோடு நுழைந்தார். முன்னும் பின்னும் இழுத்து, வியர்த்து வழிந்து, "ஆள விடுங்கப்பா சாமி" என்று பின்வாங்கினார். அடுத்து நான். இவர் நாற்காலியைப் பிடிக்க வந்தார்.

"கைய எடுங்க."

நுழைந்தேன். திரும்பும்போது விரல் மூட்டு கம்பியில் உரசித் தோல் போனது. போனால் போகட்டும், உள்ளே வந்துவிட்டேன்! திரும்பிப் பார்த்தால், மனிதர் வெளியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"நீ போ. நான் இங்கேருந்து பாக்குறேன்."

"பாத்துக்கிட்டே இருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பேசாம உள்ள வாங்க" என்றேன்.